ஜும்ஆ முதல் ஜும்ஆ வரை



மழையின் முதல் துளி விழும்போது உங்கள் இல்லத்தில் எழும் குரல் எது? "அல்ஹம்து லில்லாஹ்" என்னும் நன்றிக் குரலா? கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்லும் அவசரக் குரலா? எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் முதலில் எழுவது, "அந்தப் பெட்டியை மாடிக்குக் கொண்டு போ" என்னும் என் உம்மாவின் குரல்தான். அந்தக் குரலை நான் தவறாகப் புரிந்துகொண்டதையும், சென்ற ஐப்பசியில் ஒரு வார மழை என் தவற்றைத் திருத்தியதையும் உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

காயல்பட்டினம் எங்கள் ஊர். ஊருக்கு வடக்கே புன்னைக்காயலில் தாமிரபரணி கடலோடு கலக்கிறது. தெற்கே திருச்செந்தூர், கிழக்கே கடல். எங்கள் ஊர் வழக்கப்படி பெண்மக்கள் மணமான பின்னும் தாய்வீட்டிலேயே வாழ்கிறோம். ஆகையால் உம்மாவின் மகிழ்ச்சியும் கவலையும் எனக்கு அன்றாடம் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனி, ஆடியில் கேரளம் மழையில் நனையும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி எங்கள் கரைக்கு வருவது வெறுங்காற்றும் புழுதியுமே. ஐப்பசி பிறக்கும் வேளையில் காற்றுத் திரும்புகிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கிழக்குக் கரையில் பொழிகிறது. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. கரையோரங்களின் பங்கு அதனினும் அதிகம். இந்த மூன்று மாதம் பொய்த்தால் எங்கள் கிணறுகள் உவர்ப்பேறிவிடும். பக்கத்து ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்கள் வாடிவிடும். மழையை "ரஹ்மத்" என்று நம் முன்னோர் அழைத்தது வெறும் மரியாதைச் சொல் அன்று.

அந்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. ஜும்ஆ முடிந்து ஆண்கள் வீடு திரும்பும்போது வானம் இருண்டிருந்தது. சற்று நேரத்தில் தூறல் விழுந்தது. புரட்டாசியின் புழுக்கத்தில் வெந்துகிடந்த சுவர்கள் மண்வாசனையோடு மூச்சு விட்டன. பிள்ளைகள் முற்றத்திற்கு ஓடினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மழை பெய்தபோது தம் மேலாடையைச் சற்று விலக்கி, அந்தப் புதுநீர் தம் திருமேனியில் படும்படி நின்றார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை அவர்களுக்குச் சொன்னேன். கேட்க வேண்டுமா! சட்டைகள் பறந்தன. இஞ்சி தட்டிப் போட்ட தேநீரும் சூடான சுண்டலுமாக அன்று மாலை வீடு பெருநாள் போல் இருந்தது.

உம்மா மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. கூடத்திலிருந்த அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றச் சொன்னார்கள். முஸ்ஹபுகளை மாடிக்கு அனுப்பினார்கள். வீட்டுப் பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டியைத் தாமே தூக்க முயன்றார்கள்.

கரையோரத்து ஐப்பசி மழை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் வரும். பகலில் ஓய்ந்து மேகமூட்டமாய் நிற்கும். சனியும் ஞாயிறும் அப்படியே கழிந்தன. விசிறி தேவைப்படாத குளிர்ச்சி. சுபுஹு பாங்கின் ஒலி ஈரக்காற்றில் மிதந்து வந்தது. ஆறுமுகநேரி உப்பளங்களில் அவ்வாண்டு வேலை முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். மழை இறங்கினால் பாத்திகளில் உப்பு விளையாது. இனித் தைக்குப் பிறகுதான் அங்கே கூலி கிடைக்கும். நாம் போர்வைக்குள் சுருண்டு மகிழும் மழை, இன்னொரு வீட்டில் அடுப்பை அணைக்கிறது என்பதை நான் அப்போது ஒரு செய்தியாகக் கேட்டேனே தவிர, மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிறு பின்னிரவில் விழித்தபோது கூடத்தில் வெளிச்சம் தெரிந்தது. உம்மா மாடிப்படியின் கீழ்ப்படியில் டார்ச் விளக்கோடு அமர்ந்து, வாசல் நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கக் கலக்கம், கொஞ்சம் எரிச்சலும்கூட.

"உம்மா! மழை அல்லாஹ்வின் ரஹ்மத் அல்லவா? அதைக் கண்டு இப்படியா பயப்படுவது? இத்தனை வயதுக்குப் பிறகும் உங்களுக்குத் தவக்குல் வரவில்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

உம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். "போய்ப் படு மகளே, பிள்ளைகள் தேடும்" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தப் படியில் அவர்கள் ஏன் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நீங்கள் அறிய வேண்டும். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று பெய்யத் தொடங்கிய மழை மறுநாள் காலை எட்டரை மணிக்கு அளக்கப்பட்டபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாகியிருந்தது. ஓராண்டு முழுவதும் எங்கள் மாவட்டத்தில் பெய்ய வேண்டிய மழையைக் காட்டிலும் இது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் வண்டியொன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுபோனதை நீங்களும் செய்திகளில் படித்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் நள்ளிரவுக்கு மேல் நிலைப்படியைத் தாண்டித் தண்ணீர் வந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினோம். ஏறியபின்தான் உம்மாவுக்கு நினைவு வந்தது, கட்டிலுக்கு அடியில் இருந்த மரப்பெட்டி. மர்ஹூம் வாப்பா கொழும்பில் வணிகம் செய்த காலத்தில் உம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் அதில்தான் இருந்தன. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ்க் கடிதங்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபின் பெட்டியைத் திறந்தோம். மை முழுவதும் கரைந்து, தாள்கள் ஒரே கூழாய் ஒட்டிக் கிடந்தன. உம்மா அழவில்லை. "இன்னா லில்லாஹ்" என்று மட்டும் சொல்லி, அந்தக் கூழை ஒரு வெள்ளைத் துணியில் பொதிந்து, முற்றத்து மண்ணில் புதைத்தார்கள்.

இத்தனையும் அறிந்திருந்தும் நான் அவர்களிடம் தவக்குல் பற்றிப் பேசினேன்!

செவ்வாய் மாலை தூறலுக்கிடையே முடுக்கு வழியாகப் பெண்கள் தைக்காவுக்குச் சென்றிருந்தேன். அன்று பாடம் சொன்ன ஆலிமா, பருவத்திற்கேற்ப மழையைப் பற்றியே பேசினார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியொன்றை எடுத்துரைத்தார். வானில் மேகம் திரள்வதைக் கண்டால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடுமாம். எழுவதும் நடப்பதும் உள்ளே வருவதும் வெளியே செல்வதுமாக இருப்பார்களாம். மழை பொழியத் தொடங்கிய பின்புதான் அந்தக் கலக்கம் நீங்குமாம். மக்கள் மேகத்தைக் கண்டு மகிழ்கிறார்களே, தங்கள் முகத்தில் மட்டும் கவலை தெரிகிறதே என்று அன்னையார் கேட்டபோது, அதில் வேதனை இருக்காது என்று எனக்கு எப்படி உறுதி கிடைக்கும் என்ற கருத்தில் விடையளித்து, மழைமேகம் என்று மகிழ்ந்திருந்த நிலையில் காற்றால் அழிக்கப்பட்ட ஆது கூட்டத்தாரை நினைவூட்டினார்களாம்.

எனக்கு உடல் சிலிர்த்தது. எத்தனையோ முறை கேட்ட ஹதீஸ்தான். ஆனால் அன்று அதில் நான் கண்டது டார்ச் விளக்கோடு படியில் அமர்ந்திருந்த என் உம்மாவை. மேகத்தைக் கண்டு கலங்குவது ஈமானின் குறைவு என்றல்லவா நான் தீர்ப்பளித்திருந்தேன்! ஈமான் என்பது அச்சமும் ஆதரவும் சேர்ந்தது என்று நம் உலமாக்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் ஆதரவை மட்டும் வைத்துக்கொண்டு, அச்சத்தை உம்மாவின் முதுமை என்று ஒதுக்கிவிட்டேன்.

அன்றிரவு மழை வலுத்தது. எங்கள் ஷாஃபிஈ மத்ஹபின் சலுகைப்படி, பள்ளியில் மஃரிபோடு இஷாவையும் சேர்த்துத் தொழுதுவிட்டுப் பிள்ளைகளின் வாப்பா நனைந்து வந்தார். மழையில் மனிதன் படும் சிரமத்தை மார்க்கமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது, நான்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை காலை உம்மாவின் அருகில் அமர்ந்து, "என்னை மன்னித்துவிடுங்கள் உம்மா, அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றேன்.

உம்மா சிரித்தார்கள். "மழைக்கு நான் ஏன் மகளே பயப்பட வேண்டும்? அது அவன் கட்டளைப்படி வருகிறது. நாம் செய்து வைத்திருப்பதைக் கண்டுதான் பயப்படுகிறேன்" என்று சொல்லி, என் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துச் சென்றார்கள்.

அவர்கள் காட்டியது எங்கள் வீட்டு வாசலை. இருசக்கர வண்டி ஏறி இறங்க வசதியாகச் சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு சிமெண்டுச் சரிவு கட்டியிருந்தோம். அது தெருவோர வாறுகாலை முழுவதும் மூடியிருந்தது. உள்ளே தூர் வார வழியில்லை. மேட்டிலிருந்து வரும் தண்ணீர் அங்கே முட்டி நின்று, எதிர்ச் சரகில் தாழ்வாக இருக்கும் சிறிய வீடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தச் சாதாரணத் தூறலிலேயே அவ்வீடுகளின் வாசலில் கணுக்கால் அளவு நீர். நாங்கள் மாடியில் பத்திரமாக இருந்த அந்த டிசம்பர் இரவில், மாடியே இல்லாத அந்த வீட்டார் எங்கே நின்றிருப்பார்கள்? இந்தக் கேள்வியைத்தான் உம்மா இரவெல்லாம் தனியே சுமந்திருந்தார்கள்.

95 சென்டிமீட்டர் மழையை எங்கள் தெரு வாறுகால் தாங்கியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த வாறுகாலும் தாங்கியிராது. ஆனால் அல்லாஹ் நாளை நம்மிடம் 95 சென்டிமீட்டருக்குக் கணக்குக் கேட்கப்போவதில்லை. நம் வாசலில் நாம் கட்டிய நான்கடிச் சிமெண்டுக்குத்தான் கேட்பான். ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பதல்லவா நமக்குக் கிடைத்த போதனை! நாமோ அண்டை வீட்டாரின் வழியை அடைத்துவிட்டுத் தவக்குல் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வியாழன்று தூறலிலேயே கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். சரிவு உடைந்தது. உள்ளிருந்து பிளாஸ்டிக் பைகளும் மணலும் கூடை கூடையாக வந்தன. வேடிக்கை பார்க்க வந்த அண்டை வீட்டுக் காக்கா ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "இது முடிந்ததும் என் வீட்டுக்கு வா" என்று கொத்தனாரிடம் சொல்லிப் போனார். எதிர்ச் சரகிலிருந்து ஒரு மூதாட்டி, பிள்ளைகளிடம் ஒரு தட்டுக் கிழங்கு அவித்துக் கொடுத்தனுப்பினார். எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வந்தது என்று கணக்கிட எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மீண்டும் ஜும்ஆ. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில், குத்பாவின்போது ஒருவர் வந்து வறட்சியை முறையிட, அவர்கள் கையேந்தினார்கள். அடுத்த ஜும்ஆ வரை மழை பெய்தது. அப்போது ஒருவர் வந்து உடைமைகள் அழிகின்றன, பாதைகள் அடைபட்டன என்று முறையிட்டார். மழையே வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள்மீதன்றி எங்களைச் சுற்றிலும், குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் முளைக்குமிடங்களிலும் பெய்யட்டும் என்றே வேண்டினார்கள். ரஹ்மத்தை மறுக்காமல், அது போய்ச் சேர வேண்டிய இடத்தைக் கேட்ட துஆ அது!

அன்று பகலில் ஒரு மழை வந்தது. உம்மா வாசலில் நாற்காலியைப் போடச் சொன்னார்கள். வாறுகாலில் தண்ணீர் சலசலத்து ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கையை நீட்டி, கூரை விளிம்பிலிருந்து சொட்டிய நீரை ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டார்கள். தகரப் பெட்டியை மட்டும் கீழே இறக்கச் சொல்லவில்லை. நானும் இறக்கவில்லை, அது மாடியிலேயே இருக்கட்டும்.

அன்பர்களே! அடுத்த மழைக்கு முன் உங்கள் வாசலுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் மழையைக் கண்டு கலங்கினால், அவர்களுக்குப் பாடம் சொல்லாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயன் தரும் மழையைத் தருவாயாக! அதைத் தாங்கும் வாசல்களையும், அண்டை வீட்டாரை மறவாத இதயங்களையும் தருவாயாக! ஆமீன்.