கும்மிடிப்பூண்டி ஆடு

போன மாதம் நான் கும்மிடிப்பூண்டிக்குப் போனது ஒரு ஆட்டுக்காக. இரும்பு ஆடு.

நான் பி.காம். எட்டு வருஷம் ஒரு கம்பெனியில் வவுச்சர் எழுதினேன். அந்த எரிச்சலில் ஒரு மாத நாவல் எழுதினேன். வவுச்சர் தின்னும் இரும்பு ஆடு ஒன்று, தின்ற கணக்கையெல்லாம் ஆடிட்டர் வரும்போது சத்தமாக ஒப்பிக்கும். முதலாளி துரத்தினால் ஒரே தாவில் எல்.ஐ.சி. கட்டடத்தின் மொட்டை மாடியில் போய் நிற்கும். எழுதும்போது அந்தத் தாவலுக்கு எனக்கு ஆன செலவு கால் ரீஃபில்.

டி.வி. ஆசாமி ஒருவர் அதைப் படித்து விட்டு போன் செய்தார். "பிரமாதம் சார். சாம்பிள் எபிசோடு எழுதுங்க. ஆட்டையும் நீங்களே ரெடி பண்ணிடுங்க. பட்ஜெட் மட்டும் கையைக் கடிக்கக் கூடாது."

நான் உடனே வேலையை விட்டேன். (திருமணமானவர்கள் இந்த வரியை மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

என்னோடு படித்தவன் ஒருவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷீட் மெட்டல் ஷெட் வைத்திருக்கிறான். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் மின்சார ரயில் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எண்ணூர் தாண்டியதும் உப்புக்காற்று. அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மீஞ்சூர், பொன்னேரி என்று கொஞ்சம் பச்சை வந்து கண்ணைத் துடைத்து விட்டுப் போகும். அப்புறம் கும்மிடிப்பூண்டி. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கிற ஆலைகள் நிறைய உள்ள ஊர். டீக்கடையில் தமிழ், தெலுங்கு, ஒரியா, இந்தி நான்கும் ஒரே பெஞ்சில் பஜ்ஜி சாப்பிடுகின்றன.

"டேய், தலை ஆடணும்னா கார் வைப்பர் மோட்டார்தான் சரி. திருவள்ளூர்ல எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு, போய் வாங்கிட்டு வா" என்றான் நண்பன், ஏதோ அடுத்த தெரு மாதிரி. மாவட்டத் தலைநகர்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை திரும்பி வந்து வேறு தடம் மாற வேண்டும். நான் ஊத்துக்கோட்டை வழியாகப் பஸ்ஸில் போனேன். அன்றைக்குப் பார்த்து அமாவாசை. வீரராகவப் பெருமாளைப் பார்க்க வந்த கூட்டத்தில் மோட்டாரை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நான் மிதந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி, "பிரார்த்தனையா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் இல்லை.

பஸ்ஸில் ஜீனோ ஞாபகம் வந்தது. தமிழில் பேசும் இயந்திரப் பிராணி என்று எவன் எழுத உட்கார்ந்தாலும் முதலில் சுஜாதாவின் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுத்தான் வர வேண்டும். 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அப்புறம் தூர்தர்ஷனிலும் தொடரானது. கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில். ஜீவா என்கிற சர்வாதிகாரியின் இந்தியா. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். அந்த வருஷங்களை நாம் நிஜத்திலேயே தாண்டி விட்டோம். சர்வாதிகாரியும் பர்மிட்டும் இருக்கிற கதை நியாயமாக அழுமூஞ்சியாக இருக்க வேண்டும். அதில் சிரிப்பைக் கொண்டு வருவது ஜீனோ என்கிற இயந்திர நாய். புத்தகம் படிக்கும், கிண்டல் பேசும். தாளில் அது எந்த நிறம், வால் எப்படி என்று யாரும் கவலைப்படவில்லை. டி.வி. என்று வந்தால், பேசுகிற நாயை ஜனங்களுக்குக் காட்டியாக வேண்டுமே!

இந்தத் தலைவலி லண்டன்காரனுக்கும் உண்டு. டக்ளஸ் ஆடம்ஸ் 1978-ல் பி.பி.சி. ரேடியோவுக்கு 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' எழுதினார். அதில் ஒரு ஆளுக்கு இரண்டு தலை. போகிற போக்கில் போட்ட ஜோக். ரேடியோவில் இரண்டாவது தலைக்குச் சம்பளம் இல்லை. மறுவருஷம் அது நாவலானது. 1981-ல் டெலிவிஷனுக்கு வந்தபோது, நடிகரின் தோளில் நிஜமாகவே ஒரு மோட்டார் தலையை மாட்டினார்கள். பார்த்தால் பாவமாக இருக்கிறது. பாதி நேரம் அது தூங்கி வழிகிறது.

என் ஆடு அதை விட மோசம். 20 கேஜ் ஷீட்டில் உடம்பு, ட்ராலிச் சக்கரத்தில் கால், குளிர்பான மூடியில் கண். ஸ்விட்சைப் போட்டதும் மூன்றடி உருண்டு வந்து, ஷட்டர் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே நின்றது. ஷெட்டில் பன்னிரண்டு பேர். ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. என் பி.எஃப். பணத்தில் 18,400 ரூபாய் அந்தப் பள்ளத்தில் நிற்கிறது. வயிற்றைப் பிசைந்தது.

ஓரமாக டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த வயதான ஃபிட்டர் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே ஆட்டைப் பார்த்துச் சொன்னார்: "உள்ள வர்றதுன்னா வா. வெளிய போறதுன்னா கேட் பாஸ் வாங்கிட்டுப் போ. நடுவுல நின்னு தலைய ஆட்டாத. அது சூப்பர்வைசர் பார்க்கிற வேலை."

ஷெட்டே அதிர்ந்தது. தமிழ் பாதி புரிகிற ஒடிசாப் பையன்கள் கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் மட்டும் ரெஜிஸ்டரில் எதையோ தேடினார்.

ஆடு அப்படியேதான் நின்றது. அதனிடம் ஒரு மனுஷன் சர்வசாதாரணமாகப் பேசினதில்தான் சிரிப்பு. ஜீனோ விஷயமும் அதுதானே! நிலா அதனிடம் பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசுவது மாதிரி பேச ஆரம்பித்த பிறகு, அது நாயா தகரமா என்று நாம் கேட்பதில்லை. நான்தான் ஆட்டுக்குத் திருவள்ளூர் வரை போய் மோட்டார் தேடினேன்.

டீக்கடை பெஞ்சிலேயே எபிசோடைத் திருத்தினேன். எல்.ஐ.சி. தாவலை அடித்து விட்டேன். அதற்குப் பதில் மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து விட்டு, ஃபைலைப் புரட்டிக்கொண்டே சொல்கிறார்: "மறுபடியும் எல்.ஐ.சி. மேல ஏறிடுச்சா? இறங்கச் சொல்லுய்யா, லஞ்ச் டயம்." செலவு பூஜ்யம்.

டி.வி. ஆசாமிக்குப் போனில் படித்துக் காட்டினேன். "ஆடு எங்க சார் தாவுது?" என்றார். "தாவல. தாவிடுச்சு" என்றேன். "இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே சல்லிசா தாவ விட்டுடலாமே சார்." தாவும் சார், ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசிக்கிறார்.

நண்பன் கூலி வாங்கவில்லை. ஷீட்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும் பில் போட்டான். சாயங்கால வண்டியில் ஆட்டைக் கோணிப்பையில் சுற்றி, ஸீட்டுக்கு அடியில் தள்ளினேன். அதன் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பொன்னேரியில் ஏறினவர் ஒருவர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கிலோ என்ன விலைக்குப் போட்டீங்க?" என்றார்.

"இன்னும் போடல. பேசிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

"பாத்துக் குடுங்க" என்றவர், காலை மடக்கி அதற்குக் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்.