எழுதியதை நாலு பேர் முன்னால் வாசியுங்கள்

பச்சைமலையிலிருந்து துறையூருக்கும் முசிறிக்கும் திருச்சிக்கும் கல்லூரிப் படிப்புக்காக இறங்கி வருகிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். வண்ணாடோ, தென்புறநாடோ, கோம்பையோ, மலையின் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி.

கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தே என் உத்தியோக காலம் கழிந்தது. மலைப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் நேரம் போவதே தெரியாது. குச்சிக்கிழங்கை எப்போது பிடுங்கினால் மாவு நிறைய இருக்கும், ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்துப் பாயின்ட் பார்த்து எப்படி விலை போடுகிறார்கள், முந்திரி எந்த மழையில் கெடும் என்று அப்படியே கொட்டுவார்கள். அதையே ஒரு பக்கம் எழுதித் தா என்றால், "விவசாயம் நம் நாட்டின் முதுகெலும்பு" என்று ஆரம்பிப்பார்கள். கைடு புத்தகத்து வாசகம்! கிழங்கும் இல்லை, மலையும் இல்லை, எழுதிய பிள்ளையும் அதில் இல்லை.

இது அறிவுக் குறைவால் வருவதில்லை. பச்சைமலைப் பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2024இல் திருச்சி என்.ஐ.டி.யில் இடம் பிடித்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். எழுதுவதைக் கேட்க ஆள் இல்லாததுதான் குறை. எழுதினோம், வாத்தியார் சிவப்பு மையில் மார்க் போட்டார், தாள் கட்டோடு போய்விட்டது என்றிருந்தால் யாருக்குத்தான் எழுத்து வரும்?

ஸ்ரீரங்கத்துக்குப் போனால் தாயார் சந்நிதி முன்னால் இருக்கும் கம்பராமாயண அரங்கேற்ற மண்டபத்தைப் பாருங்கள். கம்பர் தம் காவியத்தை அங்கே வைத்துத்தான் அரங்கேற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இராமன் கதையில் இரணியன் கதை எதற்கு என்று சபையில் ஆட்சேபம் எழுந்ததாம். எதிரே சந்நிதியில் இருக்கும் நரசிம்மரான மேட்டழகியசிங்கரே தலையசைத்து ஏற்றுக்கொண்டார் என்பார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: கவிச்சக்கரவர்த்தி என்று நாம் கொண்டாடுகிறவரே எழுதியதைச் சபையில் வாசித்துக்காட்டி, கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று இந்த ஊர் நினைத்திருக்கிறது. அரங்கேற்றாத நூல் நூலே இல்லை என்று இருந்த காலம் அது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நம் ஜில்லாக்காரர்தான். 1815இல் திருச்சிப் பக்கம் பிறந்தவர். அவர் வாயால் பாட்டுச் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். ஒரு பாட்டு எப்படி உருவாகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள் அந்தப் பிள்ளைகள். உ.வே.சாமிநாதையர் அப்படிப் படித்தவர். பூவாளூர் தியாகராச செட்டியார், நாகூர் குலாம்காதிறு நாவலர், கிறிஸ்தவரான சவராயலு நாயக்கர் ஆகியோரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள்தாம். 1880இல் செட்டியார் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்கு உ.வே.சா.வை முன்நிறுத்தினார். கூடிப் படித்தவர்களுக்குள் அப்படி ஒரு பிடிப்பு இருந்தது.

இன்று அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் எழுத்துக்கென்றே தனி மையம் வைத்திருக்கிறார்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு போனால், மூத்த மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சத்தமாக வாசி" என்பார். பேனாவை அவர் தொடமாட்டார், கேள்வி மட்டும் கேட்பார். சில இடங்களில் ஊர்க்காரர்களும் வந்து உட்கார்ந்து எழுதிப் பழகலாம். இதற்குக் கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. விடுதித் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்தால் போதும்.

அந்தத் திண்ணையில் என்ன நடக்கவேண்டும் என்று சொல்கிறேன். ஊருக்கு ரோடு கேட்டு ஒரு தம்பி மனு எழுதி வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "எங்கள் கிராமத்தில் போதிய சாலை வசதி இல்லாததால் பொதுமக்கள் மிகுந்த சிரமத்திற்கு ஆளாகின்றனர்." வாசித்து முடித்ததும் பக்கத்திலிருக்கும் பாப்பா கேட்கவேண்டும்: எந்த ரோடு? எந்த இடத்தில் போய்விட்டது? யாருக்குச் சிரமம், எப்போது? தம்பி பதில் சொல்லும்போது இன்னொருவர் அதை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். "மழை பெய்தால் ஓடைத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது. அன்றைக்குப் பஸ் வராது. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம்." மனு இதுதான். முதலில் எழுதியது எந்த ஊருக்கும் பொருந்தும். அதனாலேயே எந்த ஊருக்கும் உதவாது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் மேஜைக்கு வரும் கட்டுக்கட்டான காகிதத்தில் எது கண்ணில் நிற்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்படி எழுதிப் பழகுவதால் ஆகிற இன்னொரு காரியமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உழுத நிலத்துக்கு உரிமை கேட்பவர், 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன்பிருந்தே அது தம் அனுபவத்தில் இருப்பதைக் காட்டவேண்டும். பட்டாவும் ரசீதும் இல்லாத குடும்பம் எதைக் காட்டும்? உரிமை கேட்பவர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுத்தில் வடித்துக் கொடுத்தால், அதையும் ஆதாரங்களில் ஒன்றாக வைக்கலாம் என்று விதி சொல்கிறது. உங்கள் தாத்தா வாயில் இருக்கும் எல்லைக்கல், புளியமரம், ஓடை எல்லாம் காகிதத்துக்கு வரவேண்டும். அதை வடிக்க வெளியூர் ஆளைத் தேடுவானேன்? தாத்தா பேச்சு உங்களுக்குப் புரிகிற மாதிரி அந்த ஆளுக்குப் புரியுமா?

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த தாய்மார்கள் தெருவிளக்கடியில் கூடி எழுதக் கற்றார்கள். தங்கள் குறையைத் தாங்களே மனுவாக எழுதும் அளவுக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு. உங்களுக்கு அதைவிட எவ்வளவோ வசதி இருக்கிறது.

திண்ணையில் ஒன்றை மட்டும் விடாமல் கடைப்பிடியுங்கள்: எழுதியவரைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது. மலைப் பேச்சு வந்தால் அதை அடித்துவிடாதீர்கள். அந்த இடத்தில் அதுவே சரியான சொல்லாக இருக்கும். எழுத்துப்பிழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். விஷயம் வந்துவிட்டதா என்பதை முதலில் கேளுங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராமசபை கூடும். அடுத்த கூட்டம் எது என்று பார்த்து, அதற்குள் ஊருக்காக ஒரு மனுவையாவது எழுதி, கூடி வாசித்துத் திருத்தி, சபையில் நீங்களே எழுந்து நின்று படியுங்கள்.