பதினான்காம் பக்கத்து லோடு

அடுத்த இருக்கைக்காரர் காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. திரையில் புதிதாகச் சேர்பவர்களுக்கான கையேட்டின் வரைவு. பிராசசர்கள் மெமரியை எந்த வரிசையில் படிக்கின்றன, எழுதுகின்றன என்பது விஷயம். எழுதிய சீனியர் இரண்டு வரிசை தள்ளி இருக்கிறார். பிழை பார்க்கும் வேலை இவருக்கு.

முதல் பக்கங்கள் மளமளவென்று ஓடின. இங்கே ஒரு கமா, அங்கே இரண்டு முறை விழுந்த ஒரு சொல். முகத்தில் சலனமே இல்லை. பதினான்காம் பக்கத்தில் கை நின்றது. உதடு மட்டும் அசைந்தது. கீபோர்டைத் தள்ளிவைத்தார். மதியச் சாப்பாட்டு பில்லைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் நடுவே ஒரு கோடு இழுத்தார்.

இடப்பக்கம் முதல் கோர்: எக்ஸில் 1 எழுது, ஒய்யைப் படி. வலப்பக்கம் இரண்டாவது கோர்: ஒய்யில் 1 எழுது, எக்ஸைப் படி. தொடக்கத்தில் எக்ஸ், ஒய் இரண்டுமே 0. யாராவது ஒருவர் கண்ணிலாவது 1 பட்டே தீர வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் எழுதிய மதிப்பு உடனே கேஷுக்குப் போவதில்லை. ஸ்டோர் பஃபரில் காத்துக் கிடக்கிறது. அதற்குள் அடுத்த லோடு, அதாவது படிக்கும் வேலை, முந்திக்கொள்ளும். இரண்டு கோரும் 0 படித்துவிட்டு, எதிர்ப்பக்கம் ஆளில்லை என்று ஒருவர் மட்டுமே போக வேண்டிய இடத்துக்குள் சேர்ந்து நுழைந்துவிடும். ஒழுங்குக்குப் பேர்போன எக்ஸ்86 பிராசசர்கூட இந்த ஒன்றை விட்டுவைத்திருக்கிறது.

கையேடு என்ன சொல்கிறது? நடுவில் ரைட் பேரியர் என்ற தடுப்பைப் போட்டால், முன்னால் உள்ள ஸ்டோர்கள், அதாவது எழுதும் வேலைகள், முடிந்த பிறகே பின்னால் உள்ள லோடுகள் நடக்கும் என்கிறது. எழுத்துப்பிழை இல்லை, இலக்கணம் சுத்தம். ஸ்பெல் செக்கர் சிவப்புக் கோடு போடாது. ரைட் பேரியர் ஸ்டோருக்கும் ஸ்டோருக்கும் இடையில்தான் வரிசை காக்கும், லோடைக் கண்டுகொள்ளாது. லினக்ஸில், எக்ஸ்86-இல், கோர்களுக்கு இடையே பயன்படும் ரைட் பேரியர் கம்பைலரைத் தடுப்பதோடு சரி, பிராசசருக்கு ஒரு கட்டளையும் போகாது. இங்கே தேவை, லோடு, ஸ்டோர் இரண்டுக்கும் வரிசை காக்கும் ஃபுல் பேரியர். பென்சில் இவ்வளவும் எழுதவில்லை. இரண்டு பூஜ்யங்களை வட்டமிட்டது.

பிறகு லினக்ஸ் கெர்னலின் மெமரி பேரியர் ஆவணத்தைத் திறந்து ஒப்பிட்டார். 2006-இல் கெர்னலில் சேர்ந்த ஆவணம். இன்றுவரை ஒரு சொல், ஒரு வரி என்று திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். சுருக்கம் கருதித் தெரிந்தே விட்டதும் உண்டு, மனிதர்கள் என்பதால் தெரியாமல் விட்டதும் உண்டு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். நம் கையேட்டின் ஃபைல் பெயரில் ‘ஃபைனல்’ என்று இருக்கிறது.

லோடை அழித்து ஸ்டோர் என்று போட்டார். அடுத்து ஆல்ஃபா பிராசசரைப் பற்றி இரண்டு பக்கம். டெக் நிறுவனம் 1992-இல் கொண்டுவந்தது. பாயின்டரின் புது மதிப்பைப் படித்து அது காட்டும் இடத்துக்குப் போனால், அங்கே பழைய மதிப்பே கிடைக்கலாம் என்ற விசித்திரம் அதற்கு உண்டு. இவர் அந்தப் பக்கங்களை வேகமாக உருட்டிவிட்டார். எனக்கென்னவோ கையேட்டிலேயே சுவையான பகுதி அதுதான்.

அனுப்பிய சற்று நேரத்தில் பதில் வந்தது. “கமா எல்லாம் சூப்பர், தேங்க்ஸ்பா. 14-ல அந்த லோடு அப்படியே இருக்கட்டும். டெஸ்ட்ல ஒண்ணும் உடையலையே?”

இவர் பில்லை எடுத்துக்கொண்டு சீனியரின் இருக்கைக்கு நடந்தார்.