நீரினால் வந்த பெயர்கள்

தூத்துக்குடி பனிமய அன்னையின் பேராலயத்தில் திருப்பலி கண்டு வெளிவந்த நாம், கடற்கரையை அடுத்த தெருக்களில் சிறிது உலாவினோம். இக்கரையில் முத்துக்குளிப்பு நின்று பல்லாண்டுகளாயின. முத்துக்குளித்தோரின் பெயர்கள் மட்டும் வாயில்தோறும் நிற்கின்றன: பர்னாந்து, மச்சாது, ரொட்ரிகோ, மோத்தா, மிராண்டா.

உடன் வந்த இளைஞர் அவற்றை நோக்கி, "ஐயா, இவர்களெல்லாம் போர்த்துக்கீசியக் கலப்பில் பிறந்தவர்களோ?" என வினவினார். வெளியூரார் பலருக்கும் எழும் ஐயமே இது.

முத்துச் சலாபத்தின் உரிமை பற்றி எழுந்த பூசலில் இடருற்ற பரதவர், கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். 1536-37 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். புனித சவேரியார் இக்கரைக்கு வந்தது அதன்பின், 1542-இல். போர்த்துக்கீசியப் பெயர்கள் இம்மக்களுக்கு வாய்த்தது திருமுழுக்கின் வழியே. குருதியால் வந்த பெயர்கள் அல்ல இவை; நீரினால் வந்தவை.

இங்கு மட்டுமன்று. பனிமய அன்னையின் திருச்சுரூபம் மணிலாவிலிருந்து வந்ததென்பது இவ்வூர் மரபு. அம்மணிலாவை ஆண்ட ஸ்பானியர், 1849-இல் ஆளுநர் கிளாவேரியாவின் ஆணைப்படி, பட்டியல் ஒன்றிலிருந்து மக்களுக்குக் குடும்பப் பெயர்களை வழங்கினர். ஆதலால் ஸ்பானியப் பெயர் தாங்கிய பிலிப்பைன்ஸ் மக்கள் யாவரும் 'மெஸ்தீசோ' எனப்படும் கலப்பு மரபினர் அல்லர்.

கலப்பே நிகழவில்லை என்பது நம் கருத்தன்று. 1510-இல் கோவாவைக் கைப்பற்றிய அல்புகர்க், தம் வீரர் இந்நாட்டுப் பெண்களை மணக்க ஊக்கமளித்தார். புன்னைக்காயல் முதலிய துறைகளிலும் போர்த்துக்கீசியர் குடும்பத்துடன் வாழ்ந்தனர். 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றியதும் அவர்களின் ஆட்சி இங்கே முடிவுற்றது. ஆயினும் இலங்கையின் மட்டக்களப்பில் அத்தகைய மரபினர் பறங்கியர் என்ற பெயரோடு இன்றும் வாழ்கின்றனர். போர்த்துக்கீசியக் கிளைமொழியை இன்னும் மறவாதோரும் அவர்களிடையே உளர்.

இவர்களைத் தாழ்வாக எண்ணலாமோ? 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சேற்றிய அண்டிரிக் அடிகளாரை எண்ணுக. போர்த்துக்கலில் பிறந்த அவர் யூத வழியினர். அக்குருதியின் பொருட்டே பிரான்சிஸ்கன் சபையை விட்டு அவர் நீங்க நேர்ந்தது. பின்னர் இயேசு சபையார் அவரை ஏற்றனர். தூய குருதி அன்று எனத் தள்ளப்பட்ட அவரே இக்கரை மக்களின் மொழியைக் கற்று, அரை நூற்றாண்டுக் காலம் அவர்களுக்காக உழைத்து, 1600-இல் மறைந்தார்.

இதனைக் கேட்ட இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எம் தமக்கைக்கு வந்த நல்ல வரன் ஒன்றை, 'கலப்புக் குடும்பம்' என்று சொல்லித் தந்தையார் மறுத்துவிட்டார். நானும் அன்று வாய் திறக்கவில்லை" என்றார்.

நாம் அவருக்கு மறுமொழி கூறவில்லை. மீண்டும் ஆலயத்தினுள் சென்றோம். திருமுழுக்குத் தொட்டியருகே கைக்குழந்தையுடன் ஒரு குடும்பம் காத்திருந்தது. அவர்கள் எவ்வழியினர் என அங்கு எவரும் கேட்கவில்லை. குழந்தைக்கு என்ன பெயர் என்றே குருவானவர் கேட்டார்.