குழாய்களுக்கு ஒரு தளம்

ஆராய்ச்சிக்கூடம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கண்ணாடிக் குடுவைகளும் நுண்ணோக்கிகளும்தாம். அவற்றுக்கு நீரும் காற்றும் மின்சாரமும் கொணரும் குழாய்களையும் கம்பிகளையும் நாம் எண்ணுவதில்லை. ஆயினும், கூடத்தின் பயனுள்ள ஆயுள் பெரிதும் அவற்றைப் பொறுத்தே அமைகிறது.

அகமதாபாத்தில் வாழும் நம்மவர் நன்கறிந்த இந்திய மேலாண்மைக் கழகத்தின் செங்கற் கட்டடங்களை வரைந்தவர் லூயி கான். அவரே பிலடெல்பியாவில் வரைந்த ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆராய்ச்சிக் கட்டடம் 1960-இல் எழுந்தது. அதன் கோபுரங்களின் எழிலைக் கட்டடக் கலைஞர்கள் வியந்து போற்றினர். உள்ளே பணிபுரிந்தோரோ, வெயிலின் கூச்சம் தாளாது சன்னல்களை மறைத்துக்கொண்டனர். இடம் நெருக்கடி; தலைக்குமேல் திறந்து கிடந்த குழாய்களிலோ தூசி. பார்க்க வந்தவர்க்கு விருந்து, புழங்கியவர்க்குத் தொல்லை!

போலியோ தடுப்பூசி கண்ட ஜோனஸ் சால்க், கலிபோர்னியாவின் லா ஹோயாவில் ஓர் ஆய்வு நிலையம் அமைக்க அதே கானையே நாடினார். பசிபிக் கடலை நோக்கிய மேட்டில் 1965-இல் முடிந்த அக்கட்டடத்தில், ஆய்வுத்தளம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 245 அடி நீளமும் 65 அடி அகலமும் உடையது. நடுவே ஒரு தூணும் இல்லை. அதன்மேல் ஒரு முழுத்தளம் குழாய்களுக்கே உரியது! இரு பக்கமும் பாரத்தைத் தாங்கும் 9 அடி உயரக் கான்கிரீட் சட்டங்களில் குறுக்கே சாய்ந்த கைகள் இல்லை. ஆதலால் பணியாளர் அவற்றினூடே நிமிர்ந்து நடந்து பழுது பார்க்கலாம். கீழே ஆய்வு தடைபடாது. நாளை வரும் கருவி எதுவென அறியாத நிலையில், அதற்கு இடமும் இணைப்பும் விட்டுவைத்த இம்முன்யோசனையே, அந்நிலையத்தின் பெயர்பெற்ற முற்றத்தைக் காட்டிலும் நம் மதிப்புக்குரியது.

முற்றமும் அழகுதான். அங்கே மரம் நடக் கருதியிருந்த கான், மெக்சிகோவின் லூயிஸ் பராகான் சொற்கேட்டு அதை வெறுமையாகவே விட்டார். நடுவில் கடலை நோக்கி ஒரு சிறு வாய்க்கால் மட்டும் ஓடுகிறது. முற்றத்தின் இருமருங்கும் அறிஞர் தனித்திருந்து சிந்திக்கச் சிற்றறைகள். ஆய்வுக்கூடத்தின் சந்தடியிலிருந்து விலகிச் செல்லச் சிறு பாலங்கள். அவ்வறைகளின் சன்னற் சுவர்கள் தேக்கு. (ஆங்கிலத்தார் அம்மரத்துக்கு வழங்கும் பெயரே நம் தென்னாட்டுச் சொல்லின் வழிவந்ததுதான்.) கடற்காற்றிலும் வெயிலிலும் அரை நூற்றாண்டு நின்ற அத்தேக்கைப் பூஞ்சையும் பூச்சியும் தாக்கியபோது, நிலையத்தார் அதை முற்றிலும் பெயர்த்தெறியவில்லை, 2017-இல் முடிந்த சீரமைப்பில் பழைய மரத்தை இயன்ற மட்டும் காத்து, கெட்டுப்போன பகுதிக்கே புதுத் தேக்கு இட்டனர்.