கையோடு போகும் பீடம்

பண்டாரவளையில் பஸ் ஏறி, அப்புத்தளை, பெரகலை கடந்தால் ஹல்துமுல்லை. ஒருபுறம் தேயிலை மலை, மறுபுறம் பள்ளத்தாக்கு. 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவில் லயன்கள் புதையுண்ட மீரியபெத்தையும் இந்தப் பிரதேசத்தைச் சேர்ந்ததுதான்.

தோட்டமொன்றில் மகளிர் கூட்டம் முடிந்ததும், ஓர் அம்மா என்னைத் தன் காம்பராவுக்கு அழைத்துச் சென்று தேத்தண்ணி தந்தார். சுவரில் ஆணி இருந்தது, படம் இல்லை. கேட்டேன்.

"மழ காலத்துல மாதா பைக்குள்ளதான் மிஸ். ஓடச் சொன்னா நின்னு தேட முடியாதே."

அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அவற்றோடு உள்ளங்கையளவு மாதா படம். எல்லாம் ஒரே துணிப்பையில்.

சகோதரிகளே, இப்படிக் கையோடு கொண்டுபோகும் படங்கள் ஐரோப்பாவில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. முட்டை மஞ்சட்கருவில் நிறம் குழைத்து மரப்பலகைகளில் வரைந்து, பொன் தகடு ஒட்டி, பிணைச்சல் பூட்டுவார்கள். மூடினால் புத்தகம்போல் ஓவியம் உள்ளே பத்திரமாக இருக்கும். விரித்தால் அந்த இடமே செபம் செய்யும் பீடம்.

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் அப்படியொன்று இருக்கிறது. பெயர் வில்ற்றன் இரட்டைப் பலகை. இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்டுக்காக 1395க்கும் 1399க்கும் இடையில் வரையப்பட்டது. ஒரு பலகையின் உயரம் ஏறத்தாழ 53 சென்ரிமீற்றர். ஒரு பக்கத்தில் மன்னன் முழந்தாளிட்டிருக்கிறான். மறு பக்கத்தில் குழந்தை இயேசுவுடன் மாதாவும் 11 சம்மனசுகளும். 1399இல் மன்னன் முடியிழந்தான். படம் தப்பிவிட்டது.

அவை வசதி படைத்தவர்களுக்கானவை. 15ஆம் நூற்றாண்டில் மரக்கட்டை அச்சு பரவிய பின்னரே காகிதப் படங்கள் எளியவர் கைக்கும் வந்தன. அந்த அம்மாவின் படமும் அந்த வழியில் வந்ததுதான்.

நமக்கும் இது புதிதல்ல. 1670இல் மாந்தையிலிருந்து தப்பியோடிய குடும்பங்கள் மாதா சொரூபத்தைச் சுமந்தே மடுக் காட்டுக்குள் போனதாகச் சொல்வார்கள். 2008 ஏப்ரலில் அதே சொரூபம் போருக்குத் தப்பித் தேவன்பிட்டிக்குப் போய், ஓகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது.

இடம்பெயர்ந்தவர்களின் இழப்புகளைப் பதியும்போது வீடு, நகை, ஆடு, மாடு என்று கேட்டிருக்கிறேன். சாமிப்படத்தை ஒருநாளும் கேட்டதில்லை. ஓடும் அவசரத்திலும் ஒரு பெண் எதை எடுத்தாள், எதை விட்டுவிட்டு இன்றும் நினைத்து அழுகிறாள் என்று கேட்டிருந்தால், அவர்களை இன்னும் நன்றாக அறிந்திருப்பேன்.

இனிக் கேட்பேன். நீங்களும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள்.