மாட்டைப் பார்க்கத் தெரிந்த கண்

‘சந்தையில் கறவை மாடு வாங்கி வண்டியில் ஏற்றி வருகிறோம். வழியில் நிறுத்திச் சோதிப்பவர்களுக்கு மாட்டைப் பற்றி யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அண்மையில் சென்னை போயிருந்தபோது, மயிலாப்பூரிலிருந்து தி.நகர் வழியாக அடையாறு வரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இந்தக் கேள்விக்கான விடை அந்த வழியிலேயே இருக்கிறது.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில், காய்கறிக் கடைக்காரர்கள் கழித்துப் போடும் கீரைத் தண்டுக்கும் வாழை இலைக்கும் மாடுகள் வந்து நிற்கின்றன. போகிறவர்கள் தொட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள். பார்வைக்கு வயிறு நிறைந்த மாடுதான். ஆனால் கழிவோடு சேர்த்து விழுங்கிய பிளாஸ்டிக் பை இரைப்பையில் தங்கிவிட்டால், வயிறு உப்பித் தெரியும். மாடு இளைத்துக்கொண்டே போகும். அசை போடுகிறதா, சாணம் எப்படி இருக்கிறது, முதுகைக் கூனிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். விலங்கு நல ஆய்வாளருக்கு இதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

அங்கிருந்து தி.நகர். 1959-இல் இந்தப் பகுதியில் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார் விமானி கேப்டன் வி.சுந்தரம். இன்று கிண்டியில் இயங்கும் ‘புளூ கிராஸ்’ அமைப்பு அப்படித்தான் பிறந்தது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் வேலையை அவர்கள் 1964-இல் தொடங்கினார்கள். மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-இல். சட்டப் புத்தகம் படித்துவிட்டு வந்தவர்கள் அல்ல அவர்கள். விலங்கைக் கையில் தூக்கிப் பழகியவர்கள்.

தி.நகரைத் தாண்டினால் சைதாப்பேட்டை. வேளாண்மை படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் தாய்வீடு மாதிரி. 1868-இல் இங்கே தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906-இல் கோயம்புத்தூருக்குப் போய், பிறகு பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வகுப்பறையோடு பண்ணையும் இருக்க வேண்டும் என்பது எங்கள் படிப்பில் அன்றிலிருந்தே உள்ள வழக்கம். ஏர் பிடிக்காமல் பட்டம் கிடையாது. விலங்கு நலப் பயிற்சிக்கும் அதே விதி பொருந்தும்.

கடைசியாக அடையாறும் திருவான்மியூரும். கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்தோடு சேர்த்துத்தான் நமக்குத் தெரியும். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குகளுக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக அரசே கொண்டுவந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். பல ஆண்டுகள் இந்தப் பகுதியில் இயங்கிய அதன் தலைமையகம் 2018-இல் ஹரியானாவின் பல்லப்கருக்கு மாறியது. தேசிய விலங்கு நலப் பயிற்சி நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. அங்கே போய்ச் சட்டம் படித்து வரலாம். காங்கேயத்தையும் உம்பளச்சேரியையும் பர்கூர் மாட்டையும் பழக நம் ஊர்க் கொட்டிலுக்குத்தான் வர வேண்டும்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஆனால் மாட்டைப் பறிமுதல் செய்துவிட்டால், வழக்கு முடியும்வரை அது கோசாலையில் நிற்க நேரிடலாம். பராமரிப்புச் செலவை உரிமையாளரிடம் கேட்க 2017-ஆம் ஆண்டு விதிகளில் இடமுண்டு. ஒற்றைக் கறவையை நம்பிய குடும்பத்துக்கு அது பெரிய அடி. மறுபுறம், பழகாத கண்ணுக்கு நொண்டும் மாடும் நுகப்புண்ணும் தென்படாமலே போகும். ஆய்வாளரின் பார்வை தவறினால் சில நேரம் விவசாயிக்கு நட்டம், சில நேரம் மாட்டுக்கு வேதனை.

அதனால் பயிற்சியில் மூன்று மாற்றங்கள் வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, பாதி நாளாவது சந்தையிலும் கொட்டிலிலும் நடக்க வேண்டும். கன்று ஈன்ற கறவை மாடு சில வாரம் இளைத்திருப்பது இயல்பு. அது பட்டினி போட்ட மாடு அல்ல. இதை அனுபவமுள்ள மாட்டுக்காரரே சொல்லிக் கொடுக்கட்டும், பக்கத்தில் கால்நடை மருத்துவர் இருக்கட்டும். இரண்டாவது, ஒரே மாட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து உடல் நிலைக்கும் நடைக்கும் மதிப்பெண் போட வேண்டும். பிறகு ஒப்பிட்டு, எங்கே ஏன் வேறுபட்டது என்று பேச வேண்டும். ஆளுக்கு ஒரு தீர்ப்பு என்ற நிலை இப்படித்தான் குறையும். மூன்றாவது, பேசும் பயிற்சி. அபராதம் 50 ரூபாயாக இருக்கும் இடத்தில், பக்குவமாக எடுத்துச் சொல்லும் வார்த்தைதான் அதிகம் சாதிக்கும்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. மாடு ஏற்றும் முன் பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். ஒரு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது. தரையில் வழுக்காதபடி தேங்காய் நார்ப் பாய் விரியுங்கள். கூடவே ஓர் ஆள் வர வேண்டும். வேறு சரக்கு ஏற்றக் கூடாது. உழவு மாட்டையும் வண்டி மாட்டையும் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை நுகத்தில் பூட்டவே கூடாது.

வழியில் யாராவது நிறுத்தினால், பதற்றப்படாமல் அவர் யார் என்று கேளுங்கள். சோதனைக்காக மாட்டைப் பிடித்து வைக்கும் அதிகாரம், காவலர் நிலைக்கு மேற்பட்ட காவல் அதிகாரிக்கும் மாநில அரசு அதிகாரம் அளித்தவருக்கும்தான் உண்டு. சான்றைக் காட்டுங்கள். பிறகு, ‘ஐயா, இறங்கி வந்து மாட்டை ஒருமுறை பாருங்கள்’ என்று அழையுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று நீங்களே காட்டிக் கொடுங்கள்.